கருவியும் காரியமும்

தருமபுரி மாவட்டத்தின் மேற்கெல்லையில், காவிரியை அடுத்த பென்னாகரத்துக் காட்டுப்புறங்களில், ஆலம்பாடி மாடு என்னும் ஓர் இனம் நெடுங்காலமாக வளர்க்கப்பட்டு வருகிறது. மேட்டு நிலத்தில் ஏர் இழுக்கவும், கரடுமுரடான பாதையில் பாரவண்டி இழுக்கவும் அது வல்லது. குறைந்த தீவனத்தைத் தின்று நிறைந்த உழைப்பைத் தரும். ஆனால் பாலுக்கு அது பெயர் பெற்றதன்று. ஆகவே சந்தைக்குப் புறப்படும் நம் நாட்டு உழவன், மாட்டை நெருங்குமுன்பே தனக்குள் ஒரு கேள்வியைக் கேட்டு முடிவு செய்துகொள்கிறான். ‘எனக்கு வேண்டுவது உழவு மாடா, கறவை மாடா?’ என்பதே அக்கேள்வி. அதன் பின்னரே பல்லைப் பிடித்துப் பார்க்கிறான், சுழி பார்க்கிறான், நடக்கவிட்டுப் பார்க்கிறான், இறுதியில் விலை பேசுகிறான்.

மாணவ நண்பர்களே! அதே உழவர் தம் மகனுக்கோ மகளுக்கோ மடிக்கணினி வாங்கக் கடைக்குச் செல்லும்போது, இந்த முறை தலைகீழாகிவிடுகிறது. முதலில் விலை பேசப்படுகிறது. பிறகு நிறமும் மெல்லிய வடிவமும் பார்க்கப்படுகின்றன. அதன்பின் கடைக்காரர் சில எண்களைச் சொல்கிறார். எந்த எண் பெரிதோ அதுவே சிறந்தது என்று கொண்டு பணத்தைக் கட்டிவிடுகிறோம். இது எந்த வேலைக்கு என்ற கேள்வி எழுவதே இல்லை. ஒரு போகத்து விளைச்சலின் வருவாய், அல்லது பல மாதச் சேமிப்பு, அந்த ஒரு பெட்டிக்குள் அடங்குகிறது. தவறாகத் தேர்ந்தால் மீண்டும் வாங்கும் வசதி எல்லார் வீட்டிலும் இல்லை. ஆகையால் இஃது ஆராய்ந்து செய்யவேண்டிய காரியம். ஆராய்வதற்கு உற்ற துணை வரலாறு. கணினி தோன்றிய நாள் முதலாக அதனை அமைத்தவர்களும் வாங்கியவர்களும் எவ்வாறு தேர்ந்தார்கள் என்பதைப் பார்த்தால், நாம் எவ்வாறு தேரவேண்டும் என்பது தானே விளங்கும்.

முதலில் சில சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். மடிக்கணினியின் உறுப்புகள் இன்னின்ன என்று கூறும் பட்டியலைக் கடைகளில் ‘கான்ஃபிகரேஷன்’ என்பர். நாம் உறுப்பமைதி எனலாம். அதில் தலையாயவை மூன்று. கணக்கைச் செய்யும் பகுதி செயலி. வேலை நடக்கும்போது எடுத்துக்கொண்ட செய்திகளைப் பரப்பி வைக்கும் இடம் நினைவகம். இதனையே ‘ராம்’ என்கின்றனர். வேலை முடிந்தபின் செய்திகளை நெடுநாள் காத்துவைக்கும் இடம் சேமிப்பகம். கேழ்வரகு அறுவடையை எண்ணிப் பாருங்கள். கதிர் அடிக்கும் ஆள் செயலி. கதிரைப் பரப்பும் களம் நினைவகம். தானியத்தைக் கொட்டிவைக்கும் குதிர் சேமிப்பகம். குதிர் எவ்வளவு பெரிதாயினும், களம் ஒரு பாய் அகலமே இருந்தால் வேலை விரைந்து நடவாது. களம் பரந்து கிடந்தும் அடிக்கும் ஆள் தளர்ந்தவனாயின் அப்போதும் நடவாது. இம்மூன்றும் ஒன்றுக்கொன்று இசைந்திருத்தல் வேண்டும்.

இந்த இசைவைக் கண்டறிய அறிஞர்களுக்கே காலம் பிடித்தது. 1946-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் எனியாக் என்னும் மின்னணுக் கணினி உலகுக்குக் காட்டப்பட்டது. ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழல்களும் 30 டன் எடையும் கொண்ட பெரும்பொறி அது. பீரங்கிக் குண்டு செல்லும் பாதையைக் கணக்கிடுவதற்கென்றே அமைக்கப்பட்டது. ஒரு நொடியில் 5,000 கூட்டல்களைச் செய்தது. அக்காலத்து மக்கள் அவ்வேகத்தைக் கண்டு வியந்தனர். ஆயினும் அப்பொறி தன் மின்னணுப் பதிவேடுகளில் வைத்துக்கொள்ளக் கூடியவை இருபது எண்களே. வேலையை மாற்ற வேண்டுமாயின் கம்பிகளைப் பிடுங்கி வேறிடங்களிற் செருகிப் பல நாள் உழைக்க வேண்டியிருந்தது. கதிர் அடிப்பவன் அசுர வலிமை உடையவன். களமோ கைக்குட்டை அளவு. இக்குறையை அதனை அமைத்தவர்களே நன்கு உணர்ந்திருந்தனர். எனியாக் முற்றுப்பெறும் முன்பே, 1945-ஆம் ஆண்டில், ஜான் வான் நியூமன் எழுதிய அறிக்கை, எட்வாக் என்னும் அடுத்த பொறிக்கு விரிந்த நினைவகம் வேண்டும் என்பதையும், செய்ய வேண்டிய கட்டளைகளையும் அந்நினைவகத்திலேயே வைக்க வேண்டும் என்பதையும் எடுத்துரைத்தது. இன்று நம் மடியில் இருக்கும் கணினியும் அந்த அமைப்பின் வழிவந்ததே.

கணினி வரலாறு நமக்குத் தரும் முதற்பாடம் இதுதான். ஓர் உறுப்பின் வேகம் கணினியின் வேகமாகாது. 1967-ஆம் ஆண்டில் ஜீன் அம்தால் என்னும் பொறியாளர் இக்கருத்தைக் கணக்காகவே காட்டினார். வேலையின் ஒரு பகுதியை எவ்வளவு விரைவுபடுத்தினாலும், விரைவுபடாத எஞ்சிய பகுதியே மொத்த வேகத்துக்கு எல்லை கட்டும் என்பது அவர் கூற்றின் சாரம். தருமபுரியிலிருந்து அரூருக்குச் செல்பவர், பேருந்து எவ்வளவு விரைந்து சென்றாலும், பேருந்துக்காக நிலையத்திற் காத்திருந்த நேரத்தைக் குறைக்க முடியாதன்றோ?

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1955-ஆம் ஆண்டில் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனம் பிரிட்டனிலிருந்து ஹெச்.இ.சி.-2எம் என்னும் கணினியை வரவழைத்தது. பேராசிரியர் மகலனோபிஸ் தலைமையில் அந்நிறுவனம் செய்துவந்த புள்ளிவிவரக் கணக்குகளுக்கு அது வேண்டியிருந்தது. பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமோ தன் வேலைக்குரிய கணினியைத் தானே கட்டிக்கொண்டது. 1960-இல் இயங்கத் தொடங்கிய அக்கணினிக்கு, 1962-இல் பிரதமர் நேரு டிஃப்ராக் எனப் பெயர் சூட்டினார். அதன் நினைவகம், ஒவ்வொன்றும் 40 பிட் நீளமுள்ள 2,048 சொற்களைக் கொண்டது. இன்றைய கணக்கில் அது 10 கிலோபைட் ஆகும். இன்று ஒரு மாணவர் வாங்கும் 8 ஜி.பி. நினைவகம் அதனைப் போல் எட்டு இலட்சம் மடங்குக்கும் பெரிது. அந்தச் சிறு களத்திலேயே நம் விஞ்ஞானிகள் ஆராய்ச்சிக்குரிய கணக்குகளைப் போட்டனர். ஏனெனில், எந்தக் கணக்கு அங்கே போடப்படும் என்பதை முன்னரே அறிந்து, அதற்குத் தக்கவாறு அவர்கள் அந்தப் பொறியை அமைத்தனர்.

அடுத்து, கணினி மடிக்கு வந்த கதையைச் சுருக்கமாகக் காண்போம். 1981-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆஸ்போர்ன்-1 என்னும் கணினி வெளிவந்தது. தூக்கிச் செல்லத்தக்க கணினி என்று அதனைக் கூறினர். அதன் எடை ஏறத்தாழ 11 கிலோ. திரையின் அளவு 5 அங்குலம். நினைவகம் 64 கிலோபைட். விலை 1,795 டாலர். மின்கலம் இல்லாமையால், தூக்கிச் சென்ற இடத்தில் மின் இணைப்பு இருந்தால்தான் அது உயிர் பெறும். அடுத்த ஆண்டு, 1982-இல், கிரிட் காம்பஸ் என்னும் கணினி வந்தது. இன்றைய மடிக்கணினியைப் போலவே திரையை மடித்து மூடும் வடிவம் கொண்ட அது, விண்வெளி ஓடத்திலும் பயணம் செய்தது. அதன் விலை 8,000 டாலருக்கு மேல். ஊர் ஊராகச் செல்லும் வணிகரும் எழுத்தாளரும் முன்னதை வாங்கினர். செலவைப் பொருட்படுத்தாத பெரிய நிறுவனங்களும் அரசுத் துறைகளும் பின்னதை வாங்கின. அவரவர் வேலைக்கு அவரவர் கருவி. 1991-இல் சோனி நிறுவனம் லித்தியம் அயனி மின்கலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்த பின்னரே, கணினி மின் இணைப்பின் கட்டிலிருந்து மெல்ல மெல்ல விடுபட்டது. அம்மின்கலத்தை உருவாக்க உழைத்த குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

சேமிப்பகத்தின் கதை இன்னும் சுவையானது. 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் சுழலும் வட்டுகளில் செய்தியைப் பதியும் பொறியை வெளியிட்டது. 24 அங்குல விட்டமுள்ள ஐம்பது வட்டுகளில் அது சேமித்தது 50 இலட்சம் எழுத்துகள். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படத்துக்கே அந்த இடம் போதாமற் போகலாம். பின்னர் வட்டுகள் சிறுத்தன, கொள்ளளவு பெருகிற்று. ஆயினும், வட்டு சுழல வேண்டும், படிக்கும் முள் உரிய இடத்துக்கு நகர வேண்டும் என்ற நிலை மாறவில்லை. மடிக்கணினியில் இருந்த வட்டு, நிமிடத்துக்கு 5,400 முறை சுழன்றும், ஒரு செய்தி கிடக்குமிடத்தைத் தேடி அடைய நொடியில் நூறில் ஒரு பங்குக்கு மேல் எடுத்துக்கொள்ளும். 1980-களில் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோக்கா என்னும் பொறியாளர் ‘ஃபிளாஷ்’ நினைவகத்தைக் கண்டுபிடித்தார். அதில் சுழல்வது எதுவும் இல்லை. நகர்வது எதுவும் இல்லை. அதனைக் கொண்டு ஆக்கப்பட்டதே இன்றைய எஸ்.எஸ்.டி. அது செய்தியைத் தேடி எடுக்க நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவே போதும். கணினி கீழே விழுந்து அதிர்ந்தால் முள்ளும் வட்டும் உரசிக் கெடும் என்ற அச்சமும் அதில் இல்லை.

இவ்வரலாற்றை நெஞ்சில் வைத்துக்கொண்டு, நம் மாநிலத்தில் நடந்த ஒரு பெருந்தேர்வைப் பார்ப்போம். 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள், திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில், மாணவர்களுக்கு விலையின்றி மடிக்கணினி வழங்கும் திட்டத்தை அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு, பின்வந்த ஆண்டுகளில், 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. அவற்றை வாங்கித் தரும் பொறுப்பு, 1977-இல் நிறுவப்பட்ட எல்காட் என்னும் தமிழ்நாடு மின்னணு நிறுவனத்தினுடையது. தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்களில், வீட்டில் முதன்முதலாக வந்த கணினி என்பது பலருக்கும் இந்த அரசுக் கணினியாகவே இருந்தது. தொடக்க ஆண்டில் வந்த கணினிகளின் உறுப்பமைதி, 2 ஜி.பி. நினைவகமும் 320 ஜி.பி. வன்தட்டும் 14 அங்குலத் திரையும் ஆகும்.

ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள் கழிந்தன. கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்குக் கணினி வழங்கப்படும் என்று 2025-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மாநில நிதிநிலை அறிக்கையில் அறிவிப்பு வெளிவந்தது. எல்காட் மீண்டும் ஒப்பந்தப்புள்ளி கோரிற்று. இம்முறை கேட்கப்பட்ட உறுப்பமைதி, இன்டெல் ஐ-3 அல்லது ஏ.எம்.டி. ரைசன்-3 வகைச் செயலி, 8 ஜி.பி. நினைவகம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. என்பனவாம்.

இவ்விரண்டு பட்டியல்களையும் ஒருங்கே வைத்துப் பாருங்கள். நினைவகம் 2-இலிருந்து 8 ஆயிற்று, நான்கு மடங்கு. சேமிப்பகமோ 320-இலிருந்து 256 ஆகக் குறைந்துவிட்டது! எண்ணை மட்டும் நோக்குபவர், ‘பழையதே மேல்’ என்பார். வரலாறு அறிந்தவர் அவ்வாறு சொல்லார். பழைய 320 சுழலும் வட்டு. புதிய 256 சுழலாத ஃபிளாஷ். குதிரின் அளவு சற்றுக் குறைந்தது. ஆனால் குதிரிலிருந்து தானியத்தை அள்ளும் வேகம் பலமடங்கு மிகுந்தது. களமும் நான்கு மடங்கு பரந்தது. பாடக் குறிப்புகளையும் கட்டுரைகளையும் வைத்துக்கொள்ள மாணவருக்கு 256 ஜி.பி. பெரும்பாலும் போதும், போதாதாயின் தனியே ஒரு வெளிவட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆனால், கணினி திறப்பதற்கும் ஏடு விரிவதற்கும் நாள்தோறும் காத்திருக்கும் நேரத்தை எந்தக் கடையிலும் திரும்ப வாங்க முடியாது. இந்தக் காரணத்தாலேயே, இன்று கடையில் ‘ஆயிரம் ஜி.பி.’ என்று பெரிதாக எழுதியிருந்தால், ‘அது வன்தட்டா, எஸ்.எஸ்.டி.-யா?’ என்று கேட்கவேண்டும். எண்ணுக்குமுன் வகையைக் கேட்டல் வேண்டும்.

செயலியின் பெயரிலும் இத்தகைய மயக்கம் உண்டு. ஐ-3, ஐ-5, ஐ-7 என்னும் பெயர்களைக் கேட்டவுடன், ஐந்து மூன்றினும் உயர்ந்தது என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஒரே தலைமுறைக்குள் அது பெரும்பாலும் பொருந்தும். தலைமுறை மாறினால் பொருந்தாது. 2012-இல் வந்த மூன்றாந் தலைமுறை ஐ-5 மடிக்கணினிச் செயலிகளில் இரண்டு கோர்களே இருந்தன. கோர் என்பது செயலிக்குள் அமர்ந்து கணக்குச் செய்யும் தனித்தனி ஆள் போன்றது. 2022-இல் வந்த பன்னிரண்டாந் தலைமுறை ஐ-3 வகையைச் சேர்ந்த 1215யூ என்னும் செயலியில் ஆறு கோர்கள் உள்ளன. பழைய ஐ-5 கணினியைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், ஐந்து என்ற எண்ணில் மயங்காது, எத்தனையாந் தலைமுறை என்று கேட்பது அறிவுடைமை.

இதுவரை கண்டவற்றைத் தேர்வுக்குரிய முறையாக எவ்வாறு ஆக்கிக்கொள்வது? திருக்குறளின் பொருட்பாலில் ‘தெரிந்து செயல்வகை’ என்னும் 47-ஆம் அதிகாரத்தை அடுத்து மூன்று அதிகாரங்கள் நிற்கின்றன. அவை வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்பன. அரசனுக்குச் சொன்ன முறைதான். ஆனாலும் கணினி வாங்கும் மாணவருக்கும் அந்த வரிசை வழிகாட்டும்.

முதலாவது வலி. செய்யவேண்டிய வேலைக்கு எவ்வளவு வலிமை வேண்டும் என்று அறிதல். தருமபுரியையே எடுத்துக்கொள்வோம். இங்கே அரசு மருத்துவக் கல்லூரி 2008-இலும், செட்டிக்கரையில் அரசுப் பொறியியற் கல்லூரி 2013-இலும், அரசு சட்டக் கல்லூரி 2017-இலும் தொடங்கப்பட்டன. அரசு கலைக் கல்லூரி இவை யாவற்றினும் மூத்தது. ஒரே ஊரில் நான்கு கல்லூரிகள். நான்கு வகைத் தேவைகள். சட்ட மாணவர் தீர்ப்புகளைப் படிப்பார். நீண்ட குறிப்புகளைத் தட்டெழுதுவார். அவருக்கு வேண்டியவை நல்ல விசைப்பலகை, கண்ணுக்கு இதமான திரை, 8 ஜி.பி. நினைவகம், நடுத்தரச் செயலி. தமிழ் இலக்கியம் பயிலும் கலைக் கல்லூரி மாணவருக்கும் அவையே போதும். தமிழுக்கென்று தனி விலை கொடுக்க வேண்டியதில்லை. யூனிகோடு முறையில் 1991 முதலே தமிழ் எழுத்துகளுக்கு இடம் உண்டு. தமிழ்நாடு அரசும் 2010-இல் அம்முறையை ஏற்றுக்கொண்டது. மருத்துவ மாணவர் உடற்கூற்றுப் படங்களையும் விரிவுரைக் காட்சிகளையும் உற்று நோக்குபவர். அவருக்குத் திரையின் தெளிவு முதன்மையானது. எந்திரவியல் அல்லது கட்டடவியல் பயிலும் பொறியியல் மாணவர் முப்பரிமாண வரைபடம் வரைய வேண்டும். அவருக்கு 16 ஜி.பி. நினைவகமும் வலிய செயலியும் தேவை. சிலருக்குத் தனி வரைகலைச் செயலியும் வேண்டும். சட்ட மாணவர் பொறியியல் மாணவரின் கணினியை வாங்கினால் பணம் வீண். பொறியியல் மாணவர் சட்ட மாணவரின் கணினியை வாங்கினால் படிப்புக்கு இடையூறு. இரண்டும் தவறே.

திரையின் தெளிவைப் பற்றி ஒரு சொல். 1366-க்கு 768 என்று குறிக்கப்படும் திரையில் ஏறத்தாழ 10 இலட்சத்து 49 ஆயிரம் புள்ளிகள் உள்ளன. 1920-க்கு 1080 என்னும் திரையில் 20 இலட்சத்து 73 ஆயிரத்துக்கு மேல். அதாவது இரு மடங்கு. மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளியும், இகர ஈகாரச் சுழிகளும் சிற்றெழுத்தில் மங்காது தெரிய இது பெரிதும் உதவும். நாளெல்லாம் படிப்பவரின் கண் இதன் பயனை மாலையில் உணரும்.

இரண்டாவது காலம். இக்கருவி எத்தனை ஆண்டு உழைக்க வேண்டும் என்பது. இளங்கலைப் படிப்பு மூன்றாண்டு, பொறியியல் நான்காண்டு, மருத்துவம் பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை ஆண்டு. இன்றைக்குப் போதுமானது இறுதியாண்டிலும் போதுமா என்று எண்ண வேண்டும். 2011-இல் 2 ஜி.பி. நினைவகம் மாணவரின் வேலைக்கு ஏற்றதாயிருந்தது. 2021-இல் வெளிவந்த விண்டோஸ்-11 குறைந்தது 4 ஜி.பி. நினைவகம் கேட்கிறது, இன்டெல் செயலிகளுள் எட்டாந் தலைமுறைக்கு முற்பட்டவற்றுட் பெரும்பாலானவற்றை அது ஏற்பதும் இல்லை. விண்டோஸ்-10-க்கு வழங்கிவந்த பொதுவான பாதுகாப்புத் துணை 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. பழைய கணினி வாங்குவோர் இவ்விரு செய்திகளையும் மறத்தலாகாது. பழைய கணினியே கையில் உள்ளவர் மனம் தளரவும் வேண்டா. எளிய உறுப்பமைதியிலும் ஓடும் லினக்ஸ் வகைகள் பல உள்ளன. நம் நாட்டுச் சி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ், இந்திய மொழிகளைக் கருத்திற்கொண்டு அமைக்கப்பட்டது.

காலத்தைப் பற்றி மற்றொன்றும் உண்டு. சில கணினிகளில் நினைவகத்தைப் பின்னர்க் கூட்டிக்கொள்ளலாம், மெல்லிய கணினிகள் பலவற்றில் அது பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், கூட்ட முடியாது. கூட்டக்கூடியதாயின் இன்று 8 வாங்கி, தேவை வரும்போது 16 ஆக்கலாம். கூட்டமுடியாததாயின் இன்றே எண்ணித் துணிய வேண்டும். ‘இன்னும் சிறிது காலம் பொறுத்தால் விலை குறையும்’ என்ற எண்ணமும் எப்போதும் மெய்யாவதில்லை. ஒரு சில்லில் அடங்கும் உறுப்புகள் ஆண்டுக்காண்டு பெருகும் என்று கார்டன் மூர் 1965-இல் கூறினார். அதன்படியே பல பத்தாண்டுகள் கருவி வலுத்தது, விலை இறங்கிற்று. ஆயினும் 2025-இன் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவுக் கூடங்களின் பெருந்தேவையால், நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறிற்று. படிப்பு தொடங்கும் நாளே வாங்கும் நாளை முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது இடம். கருவி எங்கே பயன்படப் போகிறது? இக்கேள்வியை முன்வைத்தே ஒரு கணினி அமைக்கப்பட்ட வரலாறு உண்டு. 2005-இல் அமெரிக்கப் பேராசிரியர் நிக்கோலஸ் நெக்ரோபாண்டி, வறிய நாடுகளின் குழந்தைகளுக்கு நூறு டாலரில் ஒரு மடிக்கணினி என்னும் திட்டத்தை அறிவித்தார். 2007-இல் உருவான அக்கணினியின் செயலி மெதுவானது. நினைவகம் 256 எம்.பி. மட்டுமே. ஆனால் அதன் திரையை வெயிலில் வைத்தும் படிக்கலாம். விசைப்பலகையில் தூசியும் நீரும் புகா. மிகக் குறைந்த மின்சாரத்தில் அது இயங்கும். மரத்தடியிற் படிக்கும் குழந்தைக்கு என்ன வேண்டும் என்று எண்ணிச் செய்த அமைப்பு அது. ஆனால் விலை நூறு டாலரில் நிற்கவில்லை. ஏறத்தாழ இருநூறை எட்டிற்று. இடத்தை நன்கு அறிந்தவர்களும் விலையை அறிவதிற் பிழைபட்டனர். இடமும் விலையும் ஒருங்கே நோக்கத்தக்கவை என்பதற்கு இது சான்று.

நம் இடத்தை நாம் எண்ணுவோம். சித்தேரி மலையிலிருந்தும் வத்தல்மலையிலிருந்தும் கீழிறங்கிப் பேருந்தேறிப் படிக்க வருபவர் உண்டு. அவர் நாள்தோறும் தோளில் சுமக்கும் கணினிக்கு ஒன்றரைக் கிலோ எடைக்கும் இரண்டரைக் கிலோ எடைக்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. மின்சாரம் தடைப்படும் ஊரில் மின்கலத்தின் திறன் முதன்மை பெறும். அத்திறனை வாட்-மணி என்ற அளவாற் குறிப்பர். 45 வாட்-மணி மின்கலம், 9 வாட் செலவிடும் கணினியை ஐந்து மணி நேரம் இயக்கும். அதே மின்கலம் 30 வாட் செலவிடும் வலிய கணினியை ஒன்றரை மணி நேரமே தாங்கும். வலிமை கூடினால் மின்கலம் விரைவில் தீரும் என்பதை இக்கணக்கால் அறியலாம். பழுது வந்தால் சரிசெய்யும் நிலையம் எவ்வூரில் உள்ளது, பொறுப்புறுதி எத்தனை ஆண்டு என்பனவும் இடத்தைச் சார்ந்த கேள்விகளே.

மாணவ நண்பர்களே! அரசு இலட்சக்கணக்கான மாணவருக்கு ஒரே உறுப்பமைதியை வகுக்க வேண்டியிருக்கிறது. ஆகையால் அது பொதுத் தேவையை நோக்கி, யாருக்கும் பெரிதும் குறையாத ஓர் அளவை நிறுவுகிறது. அதனை ஓர் அளவுகோலாகக் கொள்ளுங்கள். வீட்டார் உங்களுக்கென வாங்கும்போதோ, உங்கள் ஒருவர் தேவையையே நோக்கலாம். அது பெரிய வாய்ப்பு. கடைக்குச் செல்வதற்கு முன் ஒரு தாளை எடுத்து, நீங்கள் செய்யப்போகும் வேலைகள் ஐந்தினை எழுதுங்கள். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதுங்கள். எங்கே வைத்துப் பயன்படுத்துவீர்கள் என்று எழுதுங்கள். உங்கள் பாடத்துக்குரிய மென்பொருள் எவ்வளவு நினைவகம் கேட்கிறது என்பதை ஆசிரியரிடமோ மூத்த மாணவரிடமோ கேட்டு எழுதுங்கள். இறுதியாக, வீட்டார் துன்பமின்றித் தரக்கூடிய தொகையை எழுதுங்கள். அந்தத் தாள் கையில் இருந்தால், கடையில் மின்னும் எண்கள் உங்களை மயக்கமாட்டா. கடைக்காரரும் உங்களுக்குத் தக்கதையே எடுத்துக் காட்டுவார். தொகை போதவில்லையாயின், வடிவத்தையும் நிறத்தையும் முதலில் விட்டுக்கொடுங்கள், சேமிப்பகத்தின் அளவை அடுத்து விட்டுக்கொடுங்கள், நினைவகத்தையும் எஸ்.எஸ்.டி.-யையும் இறுதிவரை விடாதீர்கள்.

இருபதே எண்களை ஏந்திய எனியாக்கும், பத்துக் கிலோபைட் நினைவகம் கொண்ட டிஃப்ராக்கும் செய்த பணிகளை எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். இன்று கிடைக்கும் மிக எளிய மடிக்கணினியும், அதைக் கொண்டு கற்க விரும்புபவருக்குக் குறையுடையதன்று. தக்கதைத் தேர்ந்து வாங்குங்கள்; வாங்கியதை நெடுநாள் பேணுங்கள்; பெற்றோர் உழைத்துத் தந்த பணம் உங்கள் படிப்பில் விளைந்து வீடு வந்து சேரட்டும்.